பெயர் ஏட்டில் இல்லையா? முதலில் பங்கு எல்லையைப் பாருங்கள்

தாத்தாவின் ஞானஸ்நானப் பதிவைத் தேடி ஊர்க்கோயிலுக்குப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "இங்கே அப்படி ஒரு பேர் இல்லையே" என்பதுதான். பலர் அத்தோடு தேடலை விட்டுவிடுகிறார்கள். அப்படி விடக்கூடாது. அந்தப் பெயர் இன்னொரு கோயிலின் அலமாரியில், இன்னொரு மொழியில் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. தமிழகத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களின் வேரைத் தேடும்போது வரும் தடைகளில் மிகுதியானவை எல்லையால் வருபவை: எந்த ஊர், எந்த ஆண்டில், எந்தப் பங்கின் (ஒரு குருவின் பொறுப்பில் உள்ள கோயிலும் ஊர்களும் சேர்ந்தது) கையில் இருந்தது என்பது தெரியாததால் வருபவை.

தேடத் தொடங்கும் முன் மூன்று விஷயங்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஊர், உத்தேசமான ஆண்டு, எந்தச் சபை. ஆண்டு ஐந்து வருடம் முன்பின் இருந்தால் பரவாயில்லை. ஊர் மட்டும் துல்லியமாக வேண்டும். "திருநெல்வேலிப் பக்கம்" என்றால் போதாது. 1986 வரை தூத்துக்குடி மாவட்டமே திருநெல்வேலிக்குள்தான் இருந்தது. "ராமநாதபுரம்" என்று பாட்டி சொன்ன ஊர் இன்று சிவகங்கையிலோ விருதுநகரிலோ இருக்கலாம்.

இன்னொன்று. பங்கு எல்லை என்பது வரைபடத்தில் கோடு போட்டுப் பிரித்தது என்று நினைக்காதீர்கள். பழைய காலத்தில் அது வெறும் ஊர்ப்பட்டியல். இந்தச் சாமியார் இந்த ஊர்களைப் பார்ப்பார், அவ்வளவுதான். சாமியார் மாறினால், பாதை மாறினால், பட்டியலும் மாறும்.

அறிகுறி: கோயிலுக்கு நூற்றைம்பது வயது, ஏடு மட்டும் ஐம்பது அறுபது வருடத்துக்குத்தான் இருக்கிறது

இதுதான் அடிக்கடி வருவது. கோயில் கட்டிய ஆண்டு வேறு, அது தனிப்பங்கு ஆன ஆண்டு வேறு. சுவரில் பதித்த கல்வெட்டைப் பார்த்து ஏமாந்துவிடுகிறோம். தனிப்பங்கு ஆகும்வரை அந்த ஊர் ஒரு கிளைக்கிராமம். அங்கே பூசை நடந்திருக்கும், திருவிழா நடந்திருக்கும், குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். ஆனால் பதிவு எழுதப்பட்டது சாமியார் குடியிருந்த தாய்ப்பங்கின் ஏட்டில். பங்கைப் பிரிக்கும்போது பழைய ஏட்டைக் கிழித்துப் பங்கு போடுவதில்லை. அது தாய்ப்பங்கிலேயே தங்கிவிடும்.

ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இந்த ஊர் தனிப்பங்கு ஆனது எப்போது? அதற்கு முன் எந்தப் பங்கைச் சேர்ந்திருந்தது?" பங்குச்சாமியாருக்கு இது தெரியாமல் இருக்கலாம். அவர் நான்கைந்து வருடத்தில் மாற்றலாகிப் போகிறவர். கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளையிடமோ, மறைக்கல்வி சொல்லித்தந்து ஓய்வுபெற்ற உபதேசியாரிடமோ, ஊரில் வயதானவர்களிடமோ கேளுங்கள். வெள்ளிவிழா, நூற்றாண்டு விழா மலர்களில் பங்குச்சாமியார்களின் பட்டியல் அநேகமாக இருக்கும். பட்டியலில் முதல் பெயருக்கு எதிரே உள்ள ஆண்டுதான் நமக்கு வேண்டியது. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து வந்த மதராஸ் கத்தோலிக்க டைரக்டரிகள் கிடைத்தால் இன்னும் நல்லது. எந்தச் சாமியார் எந்த ஊரில் இருந்தார் என்பதை ஆண்டுவாரியாகப் பார்க்கலாம்.

தாய்ப்பங்கைக் கண்டுபிடித்ததும் நிறுத்திவிடாதீர்கள். அதற்கும் ஒரு தாய் இருக்கும். சேசு சபை என்ற துறவற சபையின் குருக்கள் நடத்திய மதுரை மிஷனின் பழைய மையங்கள் மிகச் சில. தெற்கே வடக்கன்குளம், கோவில்பட்டிப் பக்கம் காமநாயக்கன்பட்டி, மறவர் சீமையில் சருகணி, புதுக்கோட்டைப் பக்கம் ஆவூர். இன்று ஏராளமான பங்குகள் இருக்கும் பரப்பை ஒரு காலத்தில் இப்படிப்பட்ட ஒரு மையத்திலிருந்து ஓரிரண்டு குருக்கள் நடந்தும் மாட்டுவண்டியிலும் சுற்றிப் பார்த்தார்கள்.

ஓர் ஆயரின் கீழ் பல பங்குகள் சேர்ந்த மறைமாவட்டத்தின் எல்லையும் இதே மாதிரிதான் நகர்ந்துகொண்டே வந்திருக்கிறது. ஆயர் இல்லத்துக்குக் கடிதம் எழுதும் முன் அந்த ஆண்டில் அந்த ஊர் யாருக்குக் கீழே இருந்தது என்று பாருங்கள். கும்பகோணம் 1899இல் பாண்டிச்சேரியிலிருந்து பிரிந்தது. தூத்துக்குடி 1923இல் திருச்சியிலிருந்து பிரிந்தது. கோட்டாறு 1930இல் கொல்லத்திலிருந்து வந்தது. அதே 1930இல் சேலம் மறைமாவட்டம் பாண்டிச்சேரி, கும்பகோணம், மைசூர் மூன்றிலிருந்தும் துண்டு துண்டாக எடுத்து அமைக்கப்பட்டது. மதுரை 1938இல் திருச்சியிலிருந்து தனியானது. பிறகு மதுரையிலிருந்து 1973இல் பாளையங்கோட்டையும் 1987இல் சிவகங்கையும் பிரிந்தன. திண்டுக்கல் 2003 வரை திருச்சிதான். குழித்துறை 2014 வரை கோட்டாறு.

ஆக, பாளையங்கோட்டை மறைமாவட்டத்தில் உள்ள ஓர் ஊரில் 1930இல் நடந்த திருமணத்துக்கு ஆயரகத் தாள்கள் தேட வேண்டுமென்றால், பாளையங்கோட்டையில் கேட்டு, மதுரைக்குப் போய், கடைசியில் திருச்சியில் போய் நிற்க வேண்டிவரும். வரிசை தெரிந்திருந்தால் அலைச்சல் மிச்சம்.

அறிகுறி: தாய்ப்பங்கிலும் பார்த்தாயிற்று, அண்ணன் தம்பிகள் இருக்கிறார்கள், மூத்த பிள்ளை மட்டும் இல்லை

தலைப்பிரசவம் எங்கே நடக்கும் என்று யோசியுங்கள். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ பெண்ணை அழைத்துப் போயிருப்பார்கள். பிள்ளை பிறந்தது தாய்வழித் தாத்தா வீட்டில். திருச்சபையோ குழந்தைக்குச் சீக்கிரமாக ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் எளிதில் இறந்துபோன காலம் அது. ஆகவே தாயின் ஊர்ப் பங்கில்தான் பதிவு இருக்கும். பல சமயம் ஞானத்தகப்பனாகத் தாய்மாமன் பெயரும் அங்கேயே கிடைக்கும். பாட்டியின் பிறந்த ஊர் தெரியாதவர்களுக்கு இதுவே எதிர்த்திசையிலும் உதவும்: மூத்த பிள்ளையின் பதிவு கிடைத்த ஊர்தான் பாட்டியின் ஊராக இருக்க வாய்ப்பு அதிகம்.

அங்கும் இல்லையென்றால் நேர்ச்சையை நினைத்துப் பாருங்கள். வெகுநாள் பிள்ளையில்லாமல் பிறந்த குழந்தையை வேளாங்கண்ணிக்கோ, பக்கத்துத் திருத்தலத்துக்கோ கொண்டுபோய் ஞானஸ்நானம் கொடுக்கும் வழக்கம் உண்டு. பெயரே சொல்லிவிடும்: ஆரோக்கியம் என்றால் வேளாங்கண்ணி மாதாவின் நினைவு. வேளாங்கண்ணியின் பழைய ஆயரகத் தொடர்பு தஞ்சாவூரோடு அல்ல. தஞ்சை மறைமாவட்டம் 1952இல்தான் உருவானது. அதற்கு முன் அந்தப் பகுதி, நடுவில் வேறு மறைமாவட்டங்கள் கிடந்தபோதும், மயிலாப்பூரின் கீழே இருந்தது.

சாமியார் வருடத்தில் சில முறைதான் வரும் கிராமங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. நோஞ்சானாகப் பிறந்த குழந்தைக்கு உபதேசியாரே அவசர ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார். பிறகு குரு வரும்போது மீதிச் சடங்குகளை நிறைவேற்றுவார். இதனால் ஒரே குழந்தைக்கு இரண்டு தேதிகள் இருக்கலாம், அல்லது பிறந்த பல மாதம் கழித்துப் பதிவு இருக்கலாம். பிறந்த மாதத்தில் மட்டும் தேடாமல் ஒன்றிரண்டு வருடம் முன்னோக்கிப் புரட்டுங்கள்.

அறிகுறி: ஊரில் ஒரே குடும்பம், ஆனால் சில ஆண்டுகள் ஏட்டில் இருக்கிறது, சில ஆண்டுகள் இல்லை, மறுபடி வருகிறது

இதற்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. தெரிந்துகொள்ளாமல் 19ஆம் நூற்றாண்டைக் கடக்க முடியாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்தியாவில் கத்தோலிக்கக் கோயில்களைக் கவனிக்கும் உரிமை பதுரவாதோ என்ற ஏற்பாட்டின்படி போர்ச்சுகல் மன்னரிடம் இருந்தது. மயிலாப்பூர் மறைமாவட்டம் 1606இல் அந்த வழியில் உண்டானது. 1773இல் திருத்தந்தை சேசு சபையைக் கலைத்தார். மதுரை மிஷன் குருக்கள் இல்லாமல் திணறியது. பல ஊர்களைக் கோவாவிலிருந்து வந்த குருக்கள் கவனித்தார்கள். 1776இல் பாண்டிச்சேரிப் பக்கம் பாரிஸ் மிஷன் குருக்கள் கைக்கு வந்தது. சேசு சபை மீண்டும் உயிர்பெற்ற பிறகு, 1830களின் கடைசியில் பிரெஞ்சு சேசு சபைக் குருக்கள் ரோமாபுரியின் நேரடி அதிகாரத்தோடு மதுரைச் சீமைக்குள் வந்தார்கள். 1838இல் ரோமாபுரி மயிலாப்பூர், கொச்சி உள்ளிட்ட பதுரவாதோ ஆயரகங்களின் அதிகாரத்தை நீக்கிக் கட்டளையிட்டது. போர்ச்சுகல் பக்கம் நின்ற கோவா குருக்கள் அதை ஏற்கவில்லை.

விளைவு, ஒரே ஊரில் இரண்டு கட்சி. ஒரு தெரு கோவா சாமியார் பக்கம், இன்னொரு தெரு பிரெஞ்சு சாமியார் பக்கம். ஒரு கோயிலுக்கு வழக்கு, பக்கத்திலேயே இன்னொரு கோயில். 1857இலும் 1886இலும் போர்ச்சுகலும் ரோமாபுரியும் ஒப்பந்தம் போட்டன. 1886க்குப் பிறகும், திருச்சி மறைமாவட்டத்துக்குள்ளேயே மயிலாப்பூரைச் சேர்ந்த பங்குகள் தனியாக இயங்கின. 1928ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு, 1930 வாக்கில்தான் இந்த இரட்டை அதிகாரம் முடிவுக்கு வந்தது.

குடும்பங்கள் நடுவில் கட்சி மாறியதும் உண்டு. திருவிழா மரியாதையில் தகராறு, கல்லறையில் தகராறு, மகனுக்குப் பெண் எடுத்த வீடு எதிர்க்கட்சி என்று எத்தனையோ காரணங்கள். ஆகவே 1838க்கும் 1930க்கும் இடையில் உங்கள் குடும்பம் ஏட்டில் விட்டு விட்டு வந்தால், அதே ஊரில் அல்லது அடுத்த ஊரில் இருந்த மற்றக் கட்சிக் கோயில் எது என்று கேளுங்கள். இன்று அது சிற்றாலயமாகச் சுருங்கியிருக்கலாம். அதன் ஏடு எந்தப் பங்கோடு சேர்ந்தது என்று தேடுங்கள். ஆயரகத் தாள்களுக்குச் சென்னை மயிலாப்பூரையும் கேட்டுப் பார்க்க வேண்டும். இந்த ஒரு படியைத் தாண்டாமல் "எங்கள் ஊர் ஏடு அழிந்துவிட்டது" என்று முடிவுகட்டுவது அவசரம்.

அறிகுறி: சரியான ஏடு, சரியான ஆண்டு, ஆனால் பெயர் கண்ணில் படவில்லை

ஏடு லத்தீனில் இருக்கிறதா என்று பாருங்கள். தாத்தா வீட்டில் இராயப்பன், ஏட்டில் பேத்ருஸ். சின்னப்பன் பவுலுஸ் ஆகியிருப்பார். அருளப்பன் யோவான்னஸ், சூசை யோசேஃபுஸ், முடியப்பன் ஸ்தேஃபானுஸ், பெலவேந்திரன் அந்திரேயாஸ், இஞ்ஞாசி இக்னாசியுஸ். சாமிநாதன் என்ற பெயரைப் பார்த்து இந்துப் பெயர் என்று தாண்டிப் போகாதீர்கள், அது பெரும்பாலும் தொமினிக்குஸ்தான். சந்தியாகுவும் யாகப்பனும் ஒரே யாக்கோபுஸ். ஒரு பட்டியல் போட்டு வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

லத்தீன் தெரிய வேண்டியதில்லை. ஃபீலியுஸ் என்றால் மகன், ஃபீலியா என்றால் மகள், பாத்ரீனுஸ் ஞானத்தகப்பன், மாத்ரீனா ஞானத்தாய். இத்தனை தெரிந்தாலே ஒரு பக்கத்தைப் படித்துவிடலாம். ஒவ்வொரு சாமியாருக்கும் ஒரு கையெழுத்து, ஒரு வாய்பாடு. அவருடைய பத்துப் பதிவுகளைப் பொறுமையாகப் படித்தால் பதினோராவது தானாக வரும்.

ஊர்ப் பெயரும் இப்படித்தான் ஒளிந்துகொள்ளும். பிரெஞ்சு குரு 'உ' என்ற ஒலிக்கு ஓ, யூ என்று இரண்டு ரோமன் எழுத்து போடுவார். வடக்கன்குளத்தை ஆங்கிலப் பழக்கத்தில் படித்தால் 'வடக்கன்கௌலம்' என்று வரும். போர்ச்சுகீசியத் தாள்களில் தூத்துக்குடி 'துத்துகொரிம்', புன்னைக்காயல் 'புனிகேல்', மணப்பாடு 'மணப்பார்'. வாய்விட்டுப் படியுங்கள், கண்ணுக்குப் புரியாதது காதுக்குப் புரியும்.

அறிகுறி: ஒரே பெயரில் நாலைந்து பேர்

சவரிமுத்து மகன் அந்தோணிமுத்து. ஒரு ஊரில் ஒரே தலைமுறையில் நாலு பேர் இருப்பார்கள். மூத்த மகனுக்குத் தகப்பனைப் பெற்ற தாத்தாவின் பெயர் என்ற வழக்கத்தால் இது பெருகிக்கொண்டே போகும். இங்கே அப்பா பெயர் உதவாது. தாயின் பெயரும் ஞானப்பெற்றோரின் பெயர்களும்தான் ஆளைப் பிரித்துக் காட்டும். உங்கள் ஆளை மட்டும் தேடாமல், அந்த ஊர்ப் பதிவுகள் எல்லாவற்றையும் இருபது முப்பது வருடத்துக்கு எழுதி எடுத்து, தகப்பன் தாய் ஜோடிவாரியாகப் பிரியுங்கள். வேலை அதிகம்தான், ஆனால் ஊகம் குறையும்.

பழைய ஏடுகளில் பெரும்பாலும் சாதியும் எழுதப்பட்டிருக்கும். கோயிலுக்குள்ளேயே அந்தப் பிரிவினை எவ்வளவு ஆழமாக இருந்தது என்பதற்கு அந்தப் பக்கங்களே சாட்சி. வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கோயிலில் சாதிக்கு ஒரு பக்கமாக நடுவில் சுவர் இருந்தது, அது 1910இல்தான் இடிக்கப்பட்டது. நமக்குப் பிடிக்காததால் அந்தக் குறிப்பை விட்டுவிட்டு நகல் எடுக்காதீர்கள். இருப்பதை இருக்கிறபடியே எழுதிக்கொள்ளுங்கள். அதை ஊர் நடுவில் படித்துக் காட்டாமல் இருப்பது உங்கள் பொறுப்பு.

அறிகுறி: திருமணப் பதிவு கிடைத்தது, அதற்கு மேலே போக வழியில்லை

திருமணப் பதிவை மறுபடி படியுங்கள், முக்கியமாக விதிவிலக்குக் குறிப்பை. நம்மிடையே முறைப்பெண், முறைமாப்பிள்ளைக் கல்யாணம் சாதாரணம். திருச்சபைச் சட்டத்துக்கு அது தடை. 1918 வரை நான்காம் படி உறவு வரைக்கும் தடை, பிறகு மூன்றாம் படி வரைக்கும். ஆகவே விதிவிலக்கு வாங்காமல் கல்யாணம் நடக்காது. வாங்கியதை ஏட்டில் எழுதியிருப்பார்கள். 'இரண்டாம் படி' என்றிருந்தால் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் தாத்தா பாட்டி பொது: அத்தை மகள், மாமன் மகள். 'மூன்றாம் படி' என்றால் பூட்டன் பொது. 'இரண்டாம் படி, முதல் படியைத் தொட்டு' என்றிருந்தால் தாய்மாமனுக்குக் கொடுத்த கல்யாணம். மேலே உள்ள ஏடே இல்லாத நிலையிலும் இந்த ஒரு வரி இரண்டு தலைமுறையை இணைத்துவிடும். விதிவிலக்குக்காக ஆயரகத்துக்கு அனுப்பிய மனுவில் உறவுமுறையைக் கிளை கிளையாக வரைந்தே காட்டியிருப்பார்கள். அந்த மனு மிஞ்சியிருந்தால் உங்களுக்கு ஒரு வம்சவரைவு கையெழுத்திலேயே கிடைக்கும். அதனால்தான் மறைமாவட்ட எல்லை இவ்வளவு முக்கியம் என்று மேலே சொன்னேன்.

பெண் வேறு ஊர் என்றால் இரண்டு பங்கிலும் திருமண அறிவிப்பான ஓலையை வாசித்திருப்பார்கள். அந்த ஓலைப் புத்தகமும் இருக்கிறதா என்று கேளுங்கள்.

இன்னொரு நல்ல விஷயம், ஞானஸ்நான ஏட்டின் ஓரம். 1908ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து, ஒருவருக்குத் திருமணம் ஆனால் அந்தச் செய்தி அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குப் போய், அவருடைய பதிவின் ஓரத்தில் எழுதப்பட வேண்டும். ஆகவே பாட்டியின் ஞானஸ்நானப் பதிவில், அவர் எந்த ஊரில், யாரை, என்றைக்குக் கட்டினார் என்பது ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கலாம். நகல் எடுத்துத் தரும்போது ஓரத்தை விட்டுவிடுவார்கள். "ஓரக்குறிப்பும் வேண்டும்" என்று வாய்திறந்து கேளுங்கள்.

அறிகுறி: அந்த வருடத்துப் பக்கமே இல்லை. செல் அரித்துவிட்டது, நனைந்துவிட்டது

1918இல் நடைமுறைக்கு வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பு, பங்கு ஏடுகளின் நகலை வருடந்தோறும் ஆயரகத்துக்கு அனுப்பச் சொன்னது. எல்லாப் பங்கும் ஒழுங்காக அனுப்பியது என்று சொல்ல முடியாது. ஆனாலும் கேட்க வேண்டும். திருமணம் என்றால் இன்னும் பலமான வழி ஒன்று உண்டு. 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, கத்தோலிக்கக் குருக்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருமண விவரங்களை அரசின் தலைமைப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். தமிழ்நாட்டில் அந்தப் பொறுப்பு, சென்னை சாந்தோமில் உள்ள பதிவுத்துறைத் தலைவர் அலுவலகத்தைச் சேர்ந்தது. மணமக்கள் பெயர், ஆண்டு, கோயில் மூன்றையும் கொடுத்து விண்ணப்பியுங்கள்.

பிறப்புக்கு அரசுப் பதிவு அவ்வளவு உதவாது. கிராமங்களில் ஊர் அதிகாரியான முன்சீப் எழுதிய பழைய பிறப்புக் கணக்கில் அப்பா பெயரும் 'ஆண் குழந்தை' என்பதும்தான் பல நேரம் இருக்கும். பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியை நம்பியும் தேடாதீர்கள். சேர்க்கும் அன்று வாத்தியார் போட்ட தேதியாக இருக்கலாம்.

அறிகுறி: குடும்பம் சி.எஸ்.ஐ., ஏடு எங்கே என்றே தெரியவில்லை

இங்கே பங்கு என்று கேட்காமல், பல ஊர்ச் சபைகள் சேர்ந்த சேகரம் எது என்று கேளுங்கள். தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) 1947 செப்டம்பரில்தான் உருவானது. அதற்கு முன் நெல்லைச் சீமையிலேயே சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி. என்று இரண்டு ஆங்கிலேய மிஷன் சங்கங்கள் பக்கத்துப் பக்கத்து ஊர்களைத் தனித்தனியே நடத்தின. மெஞ்ஞானபுரம் சி.எம்.எஸ்., இடையன்குடியும் நாசரேத்தும் எஸ்.பி.ஜி. உங்கள் ஊர் எந்தச் சங்கம் என்பது தெரிந்தால்தான் சரியான சேகரத்துக்குப் போக முடியும். மதுரைப் பக்கம் என்றால் 1834இல் வந்த அமெரிக்கன் மிஷன், குமரிப் பக்கம் என்றால் லண்டன் மிஷன். தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலம் (சி.எஸ்.ஐ.யில் மறைமாவட்டத்தின் பெயர்) 2003இல்தான் திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இங்கிலாந்தில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் சி.எம்.எஸ். தாள்களும், ஆக்ஸ்ஃபோர்டில் எஸ்.பி.ஜி. தாள்களும், லண்டனில் சோவாஸ் என்ற கல்லூரியில் லண்டன் மிஷன் தாள்களும் இருக்கின்றன. அவை பெரும்பாலும் மிஷனரிகளின் கடிதங்கள், அறிக்கைகள். உங்கள் பூட்டனின் ஞானஸ்நானப் பதிவை அங்கே எதிர்பார்க்காதீர்கள். ஒரு சபை எந்த ஆண்டில் எந்த ஊரில் தொடங்கியது என்பதற்கு அவை அருமையானவை. பிரிட்டிஷ் நூலகத்தின் மதராஸ் திருச்சபைப் பதிவுகளும் முக்கியமாக ஐரோப்பியர், ஆங்கிலோ–இந்தியர் பற்றியவை.

முதலூர் போன்ற ஊர்களில் இன்னொரு சுவர் எழும்பும். 1799இல் கிறிஸ்தவர்களுக்கென்றே உண்டாக்கிய குடியிருப்பு அது. பல ஊர்களிலிருந்து வந்து சேர்ந்தவர்கள். முதல் தலைமுறையின் பதிவு, வயது வந்தவர்களின் ஞானஸ்நானம். அதில் பழைய பெயரோ சொந்த ஊரோ ஒரு சொல் இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலே கோயில் ஏடு கிடையாது. நிலப் பத்திரமும் குலதெய்வக் கோயிலும்தான்.

அறிகுறி: ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம் வேறு அரசாங்கம்

குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், திருவிதாங்கூர்–கொச்சி ஆட்சியில் இருந்தது. நிலப் பத்திரங்கள் மலையாளத்தில், கொல்லம் ஆண்டில் இருக்கும். ஆவணி முதல் மார்கழிப் பாதி வரை என்றால் 824ஐக் கூட்டுங்கள், அதற்குப் பிறகு 825. கொல்லம் 1100 ஆவணி என்றால் 1924.

பாண்டிச்சேரி, காரைக்கால் குடும்பங்களுக்குக் கோயில் ஏட்டைவிடப் பிரெஞ்சு அரசின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவே வலுவானது. எக்ஸ்–ஆன்–ப்ரோவான்ஸ் நகரத்தில் உள்ள கடல்கடந்த ஆட்சிப் பகுதிகளின் ஆவணக்காப்பகம் பழைய பதிவுகளைப் படமாக இணையத்தில் போட்டிருக்கிறது. 1881ஆம் ஆண்டு ஆணைப்படி தங்கள் சொந்த வழக்குமுறையைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றவர்கள் புதிதாக ஒரு குடும்பப் பெயரையும் எடுத்துக்கொண்டார்கள். ஆகவே 1881க்கு முன் அதே குடும்பப் பெயரில் தேடினால் ஒன்றும் வராது. தரங்கம்பாடி என்றால் 1845 வரை டென்மார்க்கின் ஆட்சி. சீகன்பால்க் 1706இல் வந்திறங்கிய ஊர் அது. அங்கே லுத்தரன் சபையைக் கேளுங்கள்.

அறிகுறி: முழுக் குடும்பமும் இருபது வருடம் காணாமல் போகிறது

இலங்கைத் தோட்டங்கள், மலாயா, பர்மா, மொரீசியஸ், தென்னாப்பிரிக்காவின் நேட்டால். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இடைவெளி இருந்தால் இதை முதலில் சந்தேகியுங்கள். அங்கே பிறந்த பிள்ளைகளின் ஞானஸ்நானம் அந்தந்த ஊர்ப் பங்கில் இருக்கும். நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை போன கப்பல் பட்டியல்களில் பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் இருக்கும். தென்னாப்பிரிக்காவிலிருந்து வேரைத் தேடி வருகிறவர்கள் அந்தக் கிராமப் பெயரோடு நேராக ஊர்க்கோயிலுக்குப் போகாமல், கப்பல் ஏறிய ஆண்டில் அது எந்தப் பங்கின் கிளை என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அறிகுறி: ஏடு இருக்கிறது, பார்க்க அனுமதி இல்லை

இது மறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏட்டில் உயிரோடு இருப்பவர்களின் விவரங்களும் இருக்கின்றன, சாமியாருக்கு அதைக் காக்கும் கடமை உண்டு. முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். பெயர், பெற்றோர், ஊர், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்று ஒரே பக்கத்தில், உங்களுக்கும் அவர்களுக்கும் உள்ள உறவோடு எழுதுங்கள். ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்திலும் திருவிழா நேரத்திலும் ஞாயிறு பூசை முடிந்த கையோடும் போய் நிற்காதீர்கள். பழைய ஏட்டைத் தானே புரட்டித் தேடித்தர அவருக்கு நேரம் இருக்காது. "உங்கள் முன்னிலையிலேயே உட்கார்ந்து பார்க்கிறேன் ஃபாதர், பார்த்தவரைக்கும் ஆண்டுவாரியாக ஒரு பெயர்ப் பட்டியல் எழுதித் தருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். அடுத்து வருகிறவருக்கும் அந்தப் பட்டியல் உதவும். படம் எடுக்க அனுமதித்தால் ஃப்ளாஷ் போடாதீர்கள், எச்சில் தொட்டுப் பக்கம் திருப்பாதீர்கள். பதிவு எண், பக்கம், ஏட்டின் தொகுதி எண், அன்றைக்கு அந்த ஏடு எந்தப் பங்கில் இருந்தது என்பதை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அந்த ஏடு ஆயரகக் காப்பகத்துக்குப் போயிருக்கலாம்.